குளாஸ்டர்... டாஃபடில் பூக்கள், ஒரு பஸ் சீட், ஒரு பள்ளிக்கூடக் கதவு!

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். பெயர்ப்பலகையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'க்ளௌ-செஸ்-டர்' என்று நாக்கு சிக்கிக்கொள்ளும். ஊர்க்காரர்கள் கூப்பிடுவதோ 'குளாஸ்டர்'. எழுதியிருப்பது ஒன்று, கூப்பிடுவது ஒன்று. வெளியூர்க்காரர் யார் என்பதை இந்த ஒரு வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

தெற்கிலிருந்து வந்தால் யார்க் ஆற்றைக் கடக்க வேண்டும். அதன்மேல் நிற்பது கோல்மன் பாலம். 1952-ல் திறந்தது, நீளம் 3,750 அடி. ராமேஸ்வரம் பாம்பன் பாலம் கப்பலுக்கு மேலே தூக்கி வழிவிட்டதென்றால், இந்தப் பாலம் பக்கவாட்டில் சுழன்று வழிவிடும். நடுவில் இரண்டு பெரிய துண்டுகள் கதவுபோலத் திரும்ப, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் கடற்படை ஆயுதக் கிடங்குக்குப் போகும் கப்பல்கள் நடுவே நுழையும். அதுவரை கார்கள் வரிசைகட்டி நிற்கும்.

பாலம் இறங்கினால் குளாஸ்டர் கவுன்டி. கவுன்டி என்றால் மாவட்டம் மாதிரி. ஆனால், மக்கள்தொகை மொத்தமே சுமார் 39 ஆயிரம்தான். தெற்கே 'கினீ' என்கிற பகுதியில் தலைமுறை தலைமுறையாக நண்டும் சிப்பியும் பிடிக்கும் குடும்பங்கள். மேற்கே ஆற்றங்கரையில் வெரோவோகோமோகோ. பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடித் தலைவர் 1600-களின் தொடக்கத்தில் ஆண்ட தலைநகரம். போகஹான்டஸ் கதையைக் கார்ட்டூன் படமாகப் பார்த்த குழந்தைகளுக்குத் தெரிந்திருக்கும், அவர் இந்தத் தலைவரின் மகள். மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்று நிரூபித்த வால்டர் ரீட் 1851-ல் பிறந்ததும் இந்தக் கவுன்டியில்தான். அவர் பிறந்த சின்ன மரவீடு இன்றும் இருக்கிறது.

மார்ச், ஏப்ரல் வந்தால் ஊரே மஞ்சளாகிவிடும். டாஃபடில் பூக்கள்! இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கிழங்குகள் இந்த மண்ணில் பிடித்துக்கொண்டு, வேலியோரம், சாலையோரம் எல்லாம் தானாகப் பரவின. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிள்ளைகள் பறித்துக் கட்டுக்கட்டாகக் கொடுக்க, நீராவிப் படகில் பால்டிமோர் நகரச் சந்தைக்குப் போகுமாம். இன்று ஆண்டுதோறும் டாஃபடில் திருவிழா, மெயின் ஸ்ட்ரீட்டில் ஊர்வலம். ஊர்வலத் தெருவுக்குப் பக்கத்திலேயே வட்டமாகச் சுவர் கட்டிய பழைய கோர்ட் வளாகம். அதன் செங்கல் கட்டடம் 1766-ல் கட்டியது, அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கும் முன்னால்.

பூ, நண்டு, பழைய செங்கல். சுற்றுலாக் கையேட்டில் இவ்வளவுதான் இருக்கும். ஆனால், இந்தச் சின்ன ஊரில் ஆரம்பித்த இரண்டு தகராறுகள் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தின் வாசல்வரை போயின. முதலாவது, பஸ்ஸில் எங்கே உட்காருவது என்பது. இரண்டாவது, பள்ளியில் எந்தக் கழிப்பறைக் கதவைத் திறப்பது என்பது.

ஹேய்ஸ் ஸ்டோர் பஸ் நிறுத்தம்

பாலத்தைத் தாண்டி 17-ம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஹேய்ஸ். 1944 ஜூலை 16 அன்று, இங்கே இருந்த ஹேய்ஸ் ஸ்டோர் நிறுத்தத்தில் ஐரீன் மார்கன் என்ற 27 வயதுப் பெண் கிரேஹவுண்ட் பஸ் ஏறினார். ஊர் பால்டிமோர். போர் விமானம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கருச்சிதைவு ஏற்பட்டு உடம்பு தேற அம்மா வீட்டுக்கு வந்திருந்தவர், டாக்டரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டிருந்தார்.

கறுப்பினத்தவர் பின்னால்தான் உட்கார வேண்டும் என்பது அப்போது வர்ஜீனியா சட்டம். ஐரீன் பின்பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஏறியதும், ஐரீனையும் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணையும் எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். ஐரீன் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பெண்ணையும் எழுந்திருக்க விடவில்லை.

பஸ் நேராக அடுத்த கவுன்டியில் இருக்கும் சலூடா ஊருக்குப் போய் நின்றது. ஷெரீஃப் கைது வாரன்ட்டை நீட்டினார். ஐரீன் அதைக் கிழித்து ஜன்னல் வழியே வீசினார். கைவைத்து இழுத்தவருக்கு ஒரு உதையும் விழுந்தது! கைதை எதிர்த்ததற்கான 100 டாலர் அபராதத்தை மறுபேச்சில்லாமல் கட்டினார். சீட்டை விட்டுக் கொடுக்காததற்கான 10 டாலரைக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்த 10 டாலர் வழக்கு 1946 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றத்தில் 6-க்கு 1 என்று ஐரீன் பக்கம் முடிந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்ஸில் இந்தப் பிரிவினை செல்லாது என்றது தீர்ப்பு. ரோஸா பார்க்ஸ் தன் இருக்கையிலிருந்து எழ மறுத்தது இதற்கு 9 வருடம் கழித்துத்தான். தெற்கு மாநிலங்கள் தீர்ப்பைக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு கதை. ஐரீன் பின்னாளில் 68 வயதில் பட்டம் வாங்கினார், 73 வயதில் முதுகலையும் முடித்தார். 2001-ல் அதிபர் கிளின்டன் கையால் விருது. 2007-ல் இதே குளாஸ்டரில் 90 வயதில் காலமானார்.

ஷார்ட் லேனில் ஒரு பள்ளி

அதே 17-ம் எண் சாலையிலிருந்து சற்று விலகினால் ஷார்ட் லேன். அங்கே இருக்கிறது குளாஸ்டர் ஹைஸ்கூல். அரசுப் பள்ளி. பள்ளி அணியின் பெயர் 'டியூக்ஸ்', அதாவது பிரபுக்கள்.

2014 ஆகஸ்டில் 10-ம் வகுப்பு தொடங்கும் முன் கேவின் கிரிம் என்ற 15 வயது மாணவனும் அவர் அம்மாவும் பள்ளி நிர்வாகத்தைப் பார்க்க வந்தார்கள். பிறந்தபோது பெண் என்று பதிவானவர் கேவின். தமிழில் அழகாக ஒரு சொல் இருக்கிறது, திருநம்பி. பெயரைச் சட்டப்படி மாற்றியாகிவிட்டது, டாக்டர்களின் ஆலோசனையும் நடந்துகொண்டிருந்தது. இனிமேல் தன்னைப் பையனாக நடத்த வேண்டும், கேவின் என்று கூப்பிட வேண்டும் என்பது கோரிக்கை. பள்ளி ஒப்புக்கொண்டது. ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். இதுவரை சண்டையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கழிப்பறைக்கு மட்டும், நர்ஸ் அறையில் இருப்பதைப் பயன்படுத்துவதாக முதலில் கேவினே சொன்னார். சில வாரங்களில் அது சரிப்படவில்லை. நர்ஸ் அறை வகுப்புகளிலிருந்து ரொம்பத் தூரம். ஒவ்வொரு முறையும் பாடம் போகிறது. தவிர, எங்கே போகிறார், ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. பெண்கள் கழிப்பறைக்குப் போனாலும் பிரச்னைதான். முடி வெட்டும் உடையுமாக அவரைப் பார்க்கும் பெண்கள், 'பையன் உள்ளே வந்துவிட்டான்' என்று பதறியிருக்கிறார்கள்.

அக்டோபர் 20 முதல் ஆண்கள் கழிப்பறைக்குப் போகலாம் என்று தலைமையாசிரியர் அனுமதித்தார். சுமார் 7 வாரம் போனார். உள்ளே ஒரு சண்டையில்லை, சச்சரவில்லை. விளையாட்டு வகுப்புக்கான உடை மாற்றும் அறையை அவர் கேட்கவே இல்லை.

எதிர்ப்பு வந்தது வெளியிலிருந்து. விஷயம் ஊருக்குள் கசிந்ததும் பெற்றோர் சிலரும், பள்ளியில் பிள்ளைகளே இல்லாத சிலரும் பள்ளிக் குழுவுக்குப் புகார் சொன்னார்கள். அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்துவது கவுன்டியின் பள்ளிக் குழு. குளாஸ்டரில் 7 உறுப்பினர்கள். கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, யார் வேண்டுமானாலும் மைக் பிடித்துப் பேசலாம். ஏறக்குறைய ஒரு கிராமசபை.

2014 நவம்பர் 11 கூட்டத்தில், ஒரு மாணவன் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்பதை ஊரே உட்கார்ந்து விவாதித்தது. பெயர் சொல்லவில்லை என்றாலும் யாரைப் பற்றிய பேச்சு என்பது தெரியாதவர் இல்லை. அப்போது 15 வயது கேவின் எழுந்து போய் மைக் முன்னால் நின்றார். 'பேசிக்கொண்டிருப்பது என்னைப் பற்றித்தான். நான் ஒரு பையன். இயல்பாக இருக்க விடுங்கள்' என்கிற அர்த்தத்தில் ரொம்ப நிதானமாகப் பேசினார். அம்மாவும் அப்பாவும் கூட இருந்தார்கள்.

முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. டிசம்பர் 9 கூட்டம் இன்னும் சூடு. 'விசித்திரப் பிறவி' என்றார் ஒருவர். தன்னை நாய் என்று நினைப்பவன் தெருவோரத் தீயணைப்புக் குழாயில் போய்ச் சிறுநீர் கழிக்கக் கேட்பதோடு ஒப்பிட்டார். இதெல்லாம் கோர்ட் ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கிறது. பேசியவர்கள் எல்லோரும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. தங்கள் பிள்ளைகளின் அந்தரங்கத்தைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட்ட பெற்றோரும் இருந்தார்கள். அவர்களுக்காகவே கழிப்பறைகளில் தடுப்புகளை உயர்த்தவும் இடைவெளிகளை அடைக்கவும் பள்ளி வேலையைத் தொடங்கியது. அந்த வேலை யாருக்கும் தொந்தரவில்லாத நல்ல வேலை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், 6-க்கு 1 என்று தீர்மானம் நிறைவேறியது: கழிப்பறைகள் பிறப்பின்படியான பாலினத்துக்கு மட்டும். மற்றவர்களுக்குத் தனியறை.

மூன்று தனியறைகள்

சில நாளிலேயே ஒருவர் மட்டும் போகக்கூடிய 3 கழிப்பறைகள் தயாராயின. அவற்றில் இரண்டு, பொருள் வைக்கும் அறையாக இருந்தவை. யார் வேண்டுமானாலும் போகலாம் என்று விதி. ஆனால், யாருக்காகக் கட்டியது என்று பள்ளியே அறியும். அந்தக் கதவைத் திறந்தாலே ஓர் அடையாளம் ஒட்டிக்கொள்ளும்.

பள்ளி வரைபடத்தை வைத்துப் பார்த்தால் பிரச்னை இன்னும் தெளிவாகும். அந்த அறைகளும் கேவினின் வகுப்புகளுக்குப் பக்கத்தில் இல்லை. மாலையில் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் நடக்கும்போது பள்ளிக் கட்டடம் பூட்டியிருக்கும். மைதானத்தில் இருப்பது ஆண், பெண் என்று இரண்டு கதவுதான். ஆட்டம் பார்க்க வந்த கேவின் கழிப்பறைக்காக வெளியே ஒரு கடைவரை காரில் போக வேண்டியிருந்தது.

கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருப்பது. சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்தது, வலியோடு பள்ளிக்குப் போனார். பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையில் பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவரும் பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கும் தமிழ்நாட்டு அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோர்ட் ஏறிய கதவு

2015 ஜூனில், 10-ம் வகுப்பு முடிந்த கையோடு, ஏ.சி.எல்.யூ என்ற சிவில் உரிமை அமைப்பின் வழக்கறிஞர்கள் மூலம் கேவின் வழக்குப் போட்டார். ஆதாரம், 1972-ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம். அதன் முக்கியமான வாக்கியம் ஆங்கிலத்தில் 37 வார்த்தைகள்தான். அரசுப் பணம் பெறும் கல்வி நிலையத்தில் பாலின அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது சாரம். பெண்கள் விளையாட்டுக்கு அமெரிக்காவில் வழிதிறந்தது இந்தச் சட்டம்தான். திருநர் மாணவர்களுக்கும் அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பிறகு நடந்தது ஏணியும் பாம்புமாக ஓர் ஆட்டம். மாவட்ட நீதிமன்றத்தில் தோல்வி. 2016 ஏப்ரலில் நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி. ஒபாமா அரசின் கல்வித்துறை, சட்டம் பொருந்தும் என்று கொடுத்திருந்த விளக்கத்தை அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. பிறகு வழக்கை விசாரிப்பதாக அக்டோபர் 28 அன்று அறிவித்தது. அதற்கு முந்தைய நாள்தான், கேவின் 'ஆண்' என்று வர்ஜீனியா அரசே புதிய பிறப்புச் சான்றிதழ் கொடுத்திருந்தது! பள்ளியோ மதிப்பெண் பட்டியலில் பாலினத்தை மாற்ற மறுத்தது.

2017 பிப்ரவரியில் கிராமி விருது மேடையில் நடிகை லவெர்ன் காக்ஸ், கேவின் கிரிம் யார் என்று கூகுளில் தேடிப் பாருங்கள் என்று ரசிகர்களிடம் சொல்ல, ஒரே இரவில் நாடு முழுக்கத் தெரிந்த பெயரானது. ஆனால், அதே மாதம் புதிய டிரம்ப் அரசு பழைய விளக்கத்தைத் திரும்பப் பெற்றது. மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விசாரிக்காமலே வழக்கைக் கீழே அனுப்பிவிட்டது. ஜூன் மாதம் கேவின் பள்ளி முடித்து வெளியேறினார். தீர்மானம் வந்த நாளிலிருந்து கடைசி நாள்வரை அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

வழக்கு திரும்பி வந்தபோது, ஏப்ரல் 2017-ல், நான்காவது சர்க்யூட் நீதிபதி ஆண்ட்ரே டேவிஸ் ஒரு தனிக் குறிப்பு எழுதினார். டிரெட் ஸ்காட், லிண்டா பிரவுன், லவ்விங் தம்பதி என்று, அமெரிக்காவில் தங்கள் மனித மதிப்புக்காக வழக்காடியவர்களின் வரிசையில் இந்த மாணவனையும் நிறுத்தினார். நீதிபதியின் பட்டியலில் ஐரீன் மார்கன் பெயர் இல்லை. ஹேய்ஸ் ஸ்டோர் இருந்த இடத்துக்கும் ஷார்ட் லேனுக்கும் இடையே இருப்பது கொஞ்ச நேரக் கார் பயணம்தான் என்பதால், குளாஸ்டருக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரைத் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

2019 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம், பள்ளிக் குழு செய்தது தவறு என்று தீர்ப்பளித்தது. மதிப்பெண் பட்டியலைத் திருத்த உத்தரவு. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு டாலர். கேவின் தரப்பு கேட்டது பணம் அல்ல, தீர்ப்பு.

2020 ஆகஸ்ட் 26 அன்று நான்காவது சர்க்யூட் 2-க்கு 1 என்று அதை உறுதிசெய்தது. தனியறைக்கு அனுப்பப்படும் திருநர் குழந்தைக்குப் போய்ச் சேரும் செய்திக்கும், 'தனித்தனி, ஆனால் சமம்' என்று தனிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட கறுப்பினக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த செய்திக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினார் நீதிபதி ஜேம்ஸ் வின். மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி பால் நீமயர், உடல் சார்ந்த அந்தரங்கத்துக்காகத்தான் கழிப்பறைகள் பிரிந்திருக்கின்றன, சட்டமும் அதை அனுமதிக்கிறது என்றார். 2021 ஜூன் 28-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிக் குழுவின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. வழக்கு முடிந்தது. கேவின் தரப்பு வழக்கறிஞர் செலவாகப் பள்ளிக் குழு கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 13 லட்சம் டாலர்.

இப்போது?

நான்காவது சர்க்யூட்டின் தீர்ப்பு வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, தென் கரோலினா ஆகிய 5 மாநிலங்களுக்குத்தான். புளோரிடா மாணவர் ஒருவரின் இதே மாதிரி வழக்கில், 2022 டிசம்பரில் அந்தப் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்று பள்ளியின் பக்கம் நின்றது. ஆக, ஒரு மாநிலத்தில் சரியானது இன்னொரு மாநிலத்தில் தவறு.

வர்ஜீனியாவுக்குள்ளும் குழப்பம்தான். 2020-ல் மாநிலம் போட்ட சட்டப்படி, திருநர் மாணவர்களை அவர்கள் சொல்லும் பாலினத்தில் நடத்தச் சொல்லி 2021-ல் வழிகாட்டி வந்தது. ஆட்சி மாறியது. 2023-ல் ஆளுநர் கிளென் யங்கின் அரசு அதை நீக்கிவிட்டு, பெற்றோர் ஒப்புதலுக்கும் பிறப்புப் பாலினத்துக்கும் முன்னுரிமை கொடுத்து வேறொன்றைக் கொண்டுவந்தது. 2025-ல் வர்ஜீனியாவின் வடபகுதிப் பள்ளி நிர்வாகங்கள் ஐந்து, திருநர் மாணவர்களை அவர்கள் பாலின அடையாளப்படி கழிப்பறைக்கு அனுமதித்து டைட்டில் நைன் சட்டத்தை மீறிவிட்டதாக மத்தியக் கல்வித்துறை சொன்னது. கேவின் எந்தச் சட்டத்தைக் காட்டி ஜெயித்தாரோ, அதே சட்டம்!

டாஃபடில் பூக்களைப் பார்க்க குளாஸ்டர் போகிறவர்கள் ஷார்ட் லேன் பள்ளியைத் தேடிப் போக வேண்டியதில்லை. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, நினைவுச்சின்னமும் கிடையாது. சாதாரணச் செங்கல் கட்டடம், மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள், மைதானம். 2025-ல் அங்கே 9-ம் வகுப்பு சேர்ந்த பிள்ளைகள், அந்தக் கூட்டம் நடந்தபோது மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். அவர்களில் கேவினைப்போல ஒருவர் இருந்தால், முதல் மணி அடித்ததும் எந்தக் கதவைத் திறக்கலாம் என்பதற்கு நான்காவது சர்க்யூட் ஒரு பதில் சொல்கிறது. மாநில வழிகாட்டி இன்னொன்று சொல்கிறது. வாஷிங்டன் வேறொன்று சொல்கிறது. வகுப்புகளுக்கு நடுவே இருப்பது சில நிமிடங்கள்தான்.